உட்காராத மாப்பிள்ளை

துணி தேய்ப்பதில் சிவக்குமாருக்கு இருந்ததை ஒழுக்கம் என்றும் சொல்லலாம், கிறுக்கு என்றும் சொல்லலாம். அவனுடைய அக்கா அம்மணி இரண்டாவதைத்தான் சொல்வாள். ஏற்காட்டு மலையில், மாரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவன் ரைட்டர். வயது முப்பத்து மூன்று. சேறும் அட்டையுமாகக் கிடக்கிற காட்டில் நின்று ஆட்கள் பேர் எழுதுகிறவனுக்கு வெள்ளைப் பருத்திச் சட்டை எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. அவன் காதில் வாங்கினால்தானே.

பருத்தி அவ்வளவு சுலபத்தில் வழிக்கு வருகிற துணி இல்லை. அதுவும் இந்த மலையில். கீழே சேலத்தில் தேய்த்து மடித்து வைத்தால் ஒரு வாரத்துக்கு அப்படியே கிடக்கும். இங்கே மூடுபனி இறங்கினால் பீரோவுக்குள் இருக்கிற சட்டைகூட ஈரம் குடித்துத் தொளதொளத்துப் போகும். அதனால் முந்தின நாளே தேய்த்து வைக்கிற பேச்சே அவனிடம் கிடையாது. காலையில் எழுந்து தண்ணீர் தெளித்து, சுருட்டி வைத்து, அரை ஈரமாக இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை வைப்பான். முதலில் காலர், அதுவும் நுனியிலிருந்து நடுவுக்கு. பிறகு தோள், கை. மார்புப் பக்கம் கடைசியில்தான். தேய்த்த சூட்டோடு போட்டுக்கொள்ள மாட்டான், கொடியில் தொங்கவிட்டு ஆறவைப்பான். சூட்டோடு போட்டால் போட்ட இடத்திலேயே மடிப்பு விழும் என்பான். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையோடு வேட்டியும் சேர்ந்துகொண்டது. வாழவந்தியில் பெண் பார்க்கப் போக வேண்டும். பெண் பெயர் கவிப்பிரியா, ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை. பஸ் ஸ்டாண்டில் அவளை நாலு தடவை பார்த்திருக்கிறான். நாலாவது தடவை அவள் பஸ் ஏறிப் போன திக்கையே பார்த்துக்கொண்டு நின்றதில், அவனுடைய பஸ்ஸும் போய்விட்டது. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான், இல்லையென்றால் இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிட்டான். ஆசை அவ்வளவு இருந்தது.

ஆசை இருந்த அளவுக்கு வேட்டிக்குக் கஞ்சியும் போட்டான். தேய்த்து முடித்தபோது அதைக் கட்ட ஆளே வேண்டாம், தானாகவே நடந்து வாழவந்திக்குப் போய்விடும் போலிருந்தது.

பஸ்ஸில் சீட்டு இருந்தது. "உக்காரு கண்ணு," என்றாள் அம்மணி.

"நீ உக்காருக்கா. நான் நின்னுக்கறேன்."

ஏற்காட்டில் பஸ் மாறினார்கள். அதில் பாதிப் பஸ் காலி. அதிலும் நின்றான். வளைவுக்கு வளைவு கம்பியில் முதுகைக் கொடுத்துக்கொண்டு, சட்டையின் மார்புப் பக்கம் எதிலும் படாமல் காப்பாற்றினான். "ஏனுங்க, இத்தன சீட்டு சும்மாத்தான கெடக்குது," என்றார் கண்டக்டர். அம்மணி ஜன்னல் பக்கம் திரும்பி, இவன் யாரோ எவரோ என்பதுபோல் உட்கார்ந்துகொண்டாள்.

பெண்ணின் அப்பா குழந்தைவேல் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். கூடத்தில் புதுப் பாய் விரித்திருந்தது.

அவர்கள் உறவுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவன் பாயில் உட்கார்ந்தால் சம்பந்தத்தில் விருப்பம் என்று பொருள், பேச்சைத் தொடங்கலாம். உட்காராமல் நின்றால் வேண்டாம் என்று பொருள். வாய் திறந்து சொல்லிப் பெண் வீட்டாரை நோகடிக்க வேண்டியதில்லை. காப்பி வராது, மரியாதையாக அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். இது சிவக்குமாருக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் மண்டையில் ஒரே எண்ணம்தான். அவள் வந்து ஒரு பார்வை பார்க்கிறவரைக்கும் மடிப்பு விழக்கூடாது. பார்த்த பிறகு உட்கார்ந்துகொண்டால் போயிற்று. அவள் உள்ளறையிலிருந்து வருவாள் என்று நினைத்து, அந்தப் பக்கம் பார்த்து விறைப்பாக நின்றான்.

"உக்காருங்க தம்பி," என்றார் குழந்தைவேல்.

"இருக்கட்டுங்க."

அம்மணி பாயில் உட்கார்ந்து, அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் பதறி இரண்டடி தள்ளிப் போனான். "இழுக்காதக்கா, கசங்கும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"நொம்ப தூரம் வந்திருக்கறீங்க. உக்காருங்க."

"பரவால்லீங்க, நிக்கறேனுங்க."

மூன்றாவது தடவையும் சொன்னார். மூன்றாவது தடவையும் நின்றான். குழந்தைவேலின் முகம் சுண்டிப் போயிற்று. மனிதர் தன்மையானவர், குரலை உயர்த்தவில்லை. "சரிங்க, நல்லதுங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல பஸ் வருமுங்க," என்றவர், மனைவி இருந்த சமையலறைப் பக்கம் திரும்பி, "வெள்ளையம்மா, காப்பி வேண்டாம்," என்றார்.

அப்போதுதான் சிவக்குமாருக்கு உறைத்தது. இனிமேல் உட்கார்ந்தால், பெரியவர் முகம் வாடியதற்காக உட்கார்ந்ததாக ஆகும். சட்டைக்காக நின்றேன் என்று சொல்லலாம், யார் நம்புவார்கள்? நாலு தடவை பார்த்த முகத்தை இனி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான் என்று தோன்றியபோது அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அம்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

வேண்டாம் என்ற காப்பி அப்போது வந்தது. உள்ளறையிலிருந்து இல்லை, அவன் முதுகுப் பக்கம் இருந்த சமையலறையிலிருந்து. தட்டோடு வந்தவள் கவிப்பிரியா.

"அப்பா, அவரு வேண்டாம்னு நிக்கல. உக்காந்தா வேட்டி கசங்கிரும்னு நிக்கறாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"லாட்ஜில நாள் பூரா பெட்ஷீட்டும் தலையணை உறையுந்தான தேய்க்கறேன். கஞ்சித் துணிக்குப் பயந்து நிக்கறவங்களத் தெரியாதாப்பா?" என்றவள் அவனிடம் திரும்பினாள். "பஸ்ஸில கம்பில சாஞ்சுட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"முதுகு பூராங் கசங்கிக் கெடக்குதுங்க. சமையக்கட்டுல இருந்து இவ்வளவு நேரமா அதத்தான் பாத்துட்டிருந்தேன்."

முதலில் சிரித்தது குழந்தைவேல்தான். அப்புறம் அம்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிவக்குமார் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். கவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்க."

"நாள் பூரா நின்னு ஊரார் துணியத் தேய்க்கறேன். சாயங்காலம் ஊட்டுக்கு வந்தா, கசங்குன சீலையோட அப்படியே உக்காந்தாத்தான் எனக்கு உசுரு வருது. உங்க ஊட்ல அதுக்கு ஆகுமுங்களா?"

கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது. சிவக்குமார் பாயைப் பார்த்தான். பிறகு தொப்பென்று அதில் உட்கார்ந்து சம்மணம் போட்டான். கஞ்சி வேட்டி மொடமொடவென்று நாலாபக்கமும் மடங்கியது. அவன் அதை நீவிவிடக்கூட இல்லை.

"ஆகுமுங்க. நீங்க எப்படி வேணாலும் உக்காருங்க. தேய்க்கற வேலை ஊட்ல எனக்குத்தானுங்க. உங்க சீலையுஞ் சேத்துத் தேய்ச்சுர்றேன்."

"சீல தேய்க்கத் தெரியுமுங்களா?"

"காலர் இல்லாத துணிதானுங்களே," என்றான் அவன், நிஜமாகவே யோசித்து.

அவள் சிரித்துவிட்டாள். அவன் முன்னால் டம்ளரை வைத்தாள், அம்மணிக்கும் அப்பாவுக்கும் வைத்தாள். பெண் பார்க்க வந்த அன்று பெண் காப்பியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நிற்பதுதான் முறை. குழந்தைவேலும் அவள் போவதற்காகக் காலை மடக்கி வழிவிட்டார். அவள் போகவில்லை. காலியான தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அதே பாயில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.