பலகையின் வலது பக்கம்

ஒன்பது வயது முடிந்தும் மகளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. எல்லை தாண்டி வந்த இரண்டரை வருடத்தில் மூன்று கூடாரம், இரண்டு கொட்டகை, கடைசியில் இந்த நகரத்தில் ஓர் ஒற்றை அறை என்று மாறி மாறி ஒதுங்கியதில் பள்ளிக்கூடம் என்ற ஒன்று அவர்கள் வழியில் வரவே இல்லை.

அப்பாவை எல்லாரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்த ஊரில் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதி எழுதியே பதினாறு வருடம் ஓட்டியவர். இந்த நகரத்துக்கு வந்ததும் பக்கத்துப் பள்ளிக்கு மூன்று முறை நடந்தார். மூன்று முறையும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அலுக்காமல் ஒரே பதிலைச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இருப்பிட அனுமதி வேண்டும். இவரிடம் இருந்ததோ ‘பரிசீலனையில்’ என்று முத்திரை குத்திய ஒரே ஒரு காகிதம். அதைக் காட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார முடியாது.

தேவாலயத்தில் ஒரு வகுப்பு நடப்பதாகச் சொன்னது நெட்டை. சலவை ஆலையில் இவரோடு சேர்ந்து போர்வை மடிக்கிறவன். பள்ளியில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் இருபது பேரை ஒரு சிஸ்டர் உட்காரவைத்து எழுத்தும் ஜெபமும் சொல்லித் தருகிறாராம். டைம்கீப்பருக்கும் சாமிக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. கும்பிட்டுக்கொண்டிருந்தது மனைவிதான், வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து. ஆனாலும் மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டார். காகிதம் எங்கே என்று சிஸ்டர் கேட்கவில்லை. பிள்ளை சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டார்.

பாடகர் குழு ஒத்திகை பார்க்கும் பக்கவாட்டு அறைதான் வகுப்பு. சுவரோரம் கால் உடைந்த பெஞ்சுகளும் உபயோகமில்லாத மெழுகுவர்த்தித் தண்டுகளும் அடுக்கியிருக்கும். பாடப்புத்தகம் கிடையாது. பிள்ளைகளின் மொழியில் சிஸ்டரிடம் இருந்தவை ஜெபப் புத்தகங்கள் மட்டுமே. எழுத்துக் கூட்டுவதும் அதில்தான், வாசிப்பதும் அதில்தான். தினமும் கடைசிக் கால் மணி நேரம் மன்றாட்டு. ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகள் கடவுளிடம் கேட்டுக்கொள்வார்கள். ஒருவனுக்குச் செருப்பு வேண்டும், ஒருத்திக்குத் தாத்தாவின் இருமல் நிற்கவேண்டும். மகள் முதல் நாளிலிருந்து ஒன்றையே கேட்டாள்: அம்மா சீக்கிரம் வரவேண்டும்.

அம்மா ஊரிலேயே தங்கிவிட்டிருந்தாள். படுக்கையில் கிடந்த தன் அப்பாவை விட்டு வர மனமில்லாமல், தம்பியோடு இருந்துவிட்டு அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்றாள். அடுத்த மாதம் பாதையை மூடிவிட்டார்கள்.

மகள் வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் அந்தச் செய்தி வந்தது. பகல் பதினொன்றேகால். ஆலையில் ஆஸ்பத்திரிப் போர்வைகள் சூடான உருளையிலிருந்து வந்துகொண்டிருந்தன. இந்த முனையை இவரும் அந்த முனையை நெட்டையும் பிடித்து இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்கள். பையில் போன் அதிர்ந்தது. மச்சினன் அனுப்பியிருந்தான்.

‘அத்தான், அக்கா போயிட்டாங்க. காய்ச்சல். நேத்து காலையில. குட்டிகிட்ட இப்ப சொல்லாதீங்க.’

டைம்கீப்பர் அதைப் படித்தார். போனைப் பையில் போட்டார். அடுத்த போர்வையின் முனையைப் பிடித்தார். ஷிப்ட் முடிகிறவரை எத்தனை மடித்தார் என்று தெரியாது, ஆனால் ஒன்றுகூடக் கோணலாகப் போகவில்லை. முகம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று நெட்டை கேட்டதற்கு, பிளீச்சிங் நெடி என்றார்.

அழுகை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தார். டிப்போவில் தாமதமான வண்டிக்குக் காத்திருப்பதுபோல, வந்தால் குறித்துக்கொள்ளலாம் என்று. வரவில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். மச்சினனைக் கூப்பிட்டு என்ன ஏது என்று கேட்கவும் கை போகவில்லை. மகளிடம் சொல்ல ஒரு நல்ல நாள் பார்ப்போம் என்று நினைத்தார். அப்படி ஒரு நாள் எந்த மாதத்திலும் அமையவில்லை.

மகளோ எழுத்துகளை விழுங்கிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் கூட்டிப் படித்தாள், ஆறு மாதத்தில் கூட்டாமலே படித்தாள். ஊரிலிருந்து வந்த மருந்துச் சீட்டு, அப்பாவின் பழைய டிப்போ அடையாள அட்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அட்டையில் அப்பாவின் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். இத்தனை வருடம் சம்பளம் வேறு யாருக்கோ போயிருக்கிறது என்று நெட்டை சிரித்தான்.

சனிக்கிழமைகளில் வந்து கணக்குச் சொல்லித் தர முடியுமா என்று சிஸ்டர் கேட்டபோது டைம்கீப்பர் மறுக்கவில்லை. சும்மா இருப்பதும் அங்கே இருப்பதும் அவருக்கு ஒன்றுதான். ஏழு பத்துக்குக் கிளம்பிய பஸ் ஒன்று ஐம்பது நிமிடம் ஓடினால் எப்போது போய்ச் சேரும் என்று ஆரம்பித்தார். டிரைவர் நடுவில் டீ குடிப்பாரா என்று ஒருத்தி கேட்டாள். குடிப்பார், அதற்கு ஆறு நிமிடம் சேர்த்துக்கொள் என்றார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

கணக்கு முடிந்ததும் மன்றாட்டு. மகள் எழுந்து கைகூப்பி, அம்மா சீக்கிரம் வரவேண்டும் என்பாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் அதை ஆமோதிப்பார்கள். டைம்கீப்பர் பின்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு சனிக்கிழமை இப்படிப் போனது.

ஐந்தாவது சனிக்கிழமை வகுப்பு ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. ஒரு மாணவியின் சித்தப்பா அந்த வாரம் இறந்துபோயிருந்தார். சிஸ்டர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்றால் இடது பக்கம், இறந்தவர்களுக்காக என்றால் வலது பக்கம், அவரவர் கையாலேயே எழுதுங்கள் என்றார்.

சித்தப்பாவை இழந்தவள் வலது பக்கம் எழுதினாள். இன்னும் சிலர் எழுதினார்கள். மகள் எழுந்து போனாள். சாக்பீஸை வாங்கி, வலது பக்கம், சித்தப்பாவுக்குக் கீழே, ‘என் அம்மா’ என்று எழுதினாள்.

பிள்ளைக்குப் பக்கம் மாறிவிட்டது என்று சிஸ்டர் நினைத்தார். தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு, இந்தப் பக்கம் இறந்தவங்களுக்கு."

"தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தார். டைம்கீப்பர் தலையை ஒரு முறை அசைத்தார். சிஸ்டருக்கு அது போதுமாக இருந்தது. அன்று வலது பக்கத்தில் இருந்த எல்லாருக்காகவும் பிள்ளைகள் ஜெபித்தார்கள். அவரும் உதட்டை அசைத்தார், என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு நடந்தார்கள். மூன்றாவது தெரு முனையில் சாலையைக் கடக்கக் காத்து நின்றபோது அவர் கேட்டார்.

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"படிக்கக் கத்துக்கிட்டப்புறம். உங்க போன்ல மாமா அனுப்பினது இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"குட்டிகிட்ட சொல்லாதீங்கன்னு போட்டிருந்துச்சே."

ஒரு லாரி போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அப்ப ஏன் தினமும் அம்மா வரணும்னு கேட்ட?"

"திடீர்னு நிறுத்தினா சிஸ்டர் ஏன்னு உங்களைக் கேப்பாங்க. நீங்க சொல்ல வேண்டி வரும்." பிறகு, "இன்னிக்கு வாயால சொல்லலையே, எழுதுறதுதானேன்னு எழுதிட்டேன்" என்றாள்.

எதிர்ப்பக்கம் போக வழி கிடைத்தது. கடந்தார்கள். தனக்கு இப்போதாவது ஏதாவது ஆகும் என்று டைம்கீப்பர் எதிர்பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மகளின் கை மட்டும் அவர் கைக்குள் இருந்தது. எப்போது பிடித்தார் என்று நினைவில்லை.

மறுநாள் மதியம் மகள்தான் மாமாவைக் கூப்பிடலாம் என்றாள். எட்டு மாதமாக அவர் தொடாத எண். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் வைத்தார்கள். மறுமுனையில் மச்சினன் முதலில் அத்தான் அத்தான் என்று தேம்பினான், பிறகு அடங்கினான். டைம்கீப்பர் நன்றாயிருக்கிறாயா என்றார். மற்றதெல்லாம் கேட்டது மகள். அம்மாவுக்கு எத்தனை நாள் காய்ச்சல், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்தச் சேலை கட்டியிருந்தாள், தாத்தாவுக்குத் தெரியுமா. மச்சினன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நாலு நாள். நான்தான் இருந்தேன். நீலச் சேலை. தாத்தாவுக்கு முதலில் சொல்லவில்லை; அவரும் அதற்குப் பிறகு பத்து நாள்தான் இருந்தார்.

மகள் நோட்டை மடியில் வைத்துக் குறித்துக்கொண்டே வந்தாள். அம்மாவை எங்கே வைத்தார்கள் என்று கேட்டாள். ஊர்க் கல்லறைக்குப் போக விடவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இருபது பேரோடு சேர்த்து வைத்தோம், ஒரு பலகை நட்டிருக்கிறேன் என்று மாமா சொன்னார்.

பென்சில் நின்றது.

"அப்பா, கல்லறைக்குச் சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?"

"பெரிய ‘ற’" என்றார் அவர்.

அவள் எழுதினாள். அந்தப் பக்கம் மாமா லைனிலேயே காத்திருந்தார்.