முனியாண்டிக்கு ஒரு சுற்று

"மூணு சுத்தா? ஜாயிண்டை ஸ்பேனர் போட்டு மூணு சுத்தா சுத்தின—"

"ரெண்டுதான்க்கா. மூணாவது முனியாண்டி சாமிக்கு. எப்பவும்—"

"முனியாண்டியா கேட்டாரு?"

"அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான லா. ஒரு ஜாயிண்டாவது ஒழுகியிருக்கா, சொல்லு."

"அப்பா போட்டது இரும்புடா. இது பிளாஸ்டிக்."

குகன் கோப்பியைக் கீழே வைத்தான். சுங்கை வேயில் அக்கா அமுதவள்ளி வீட்டுக்கு வந்தால் இதுதான் வம்பு. பிளாஸ்டிக் குழாய் ஜாயிண்ட் செய்யும் கம்பெனியில், எது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுகிறவளாயிற்றே. கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு அவன் ஆசிட் குழாய் போட்டு மூன்று வாரமாகிறது. அதைப் பெருமையாகச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டான்.

அவள் காகிதத்தில் எழுதிக்கொண்டே பேசினாள். "மரை நுனியில சிறுத்து, போகப் போகப் பருத்திருக்கில்ல? ஒவ்வொரு சுத்தும் ஆப்பு இறக்குற மாதிரி. வெளி வளையத்தைப் பிளக்கத்தான் பார்க்கும். டேப் எத்தனை சுத்து?"

"எட்டு. ஒழுகக்கூடாதுல்ல."

"அதுவும் ஆப்புதான்." பேனா நின்றது. "உள்ள ஓடுற ஆசிட் குடுக்குற இழுப்பு பத்துல ஒரு பங்குகூட இல்ல. மிச்சமெல்லாம் நீ முறுக்கினது. பிளாஸ்டிக் நாள்படத் தாங்கக்கூடியதைப் போல ரெண்டு மடங்கு வருதுடா."

"அப்ப அன்னிக்கே வெடிச்சிருக்கணுமே. மேனேஜர் நின்னு பாத்தாரு."

"அன்னிக்கு வெடிக்காது. மெதுவாத்தான் விரியும்."

எரிச்சலோடு எழுந்து லோரிக்குப் போனான். மேனேஜருக்குக் காட்ட அதே நாளில் முறுக்கிய ஜாயிண்ட் ஒன்று அதில் கிடந்தது. கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"சொட்டுத் தண்ணி படாதது. நீயே பாரு."

அமுதவள்ளி துடைத்துவிட்டு, விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் தட்டி நின்றது. மயிரிழைபோல ஒரு கோடு. குகனும் தன் நகத்தை ஓட்டிப் பார்த்தான். அவனுக்கும் தட்டியது.

"அங்க எத்தனை போட்டிருக்க?"

"நாப்பத்திரண்டு." "அக்கா, அதுல பதினொண்ணு வாணி நிக்கிற எடத்துக்கு நேர் மேல."

வாணி அவன் மனைவி; வேலை பார்ப்பது அதே தொழிற்சாலையில். ஏழு மணிக்கே உள்ளே போயிருப்பாள், கைபேசி லாக்கரில். குகன் தொழிற்சாலை ஆபீசுக்கு அடித்தான். இரண்டு முறை எண் தப்பியது. மூன்றாவது முறை எழுத்து வேலை பார்க்கும் கிராணிப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"ஆசிட் வால்வை மூடச் சொல்லும்மா, இப்பவே. நாலாவது லைன்ல வாணின்னு, என் பொண்டாட்டி, அவளைக் கூட்டிட்டு வா."

"நீங்க யாருண்ணே? மேனேஜர் மீட்டிங்ல—"

"பைப் போட்டவன். போட்டது தப்பு. ஓடும்மா."

ரிசீவரை மேசையில் வைத்த சத்தம். தூரத்தில் மிஷின் இரைச்சல். அமுதவள்ளி தம்பியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். சட்டென்று இரைச்சல் அடங்கியது. வால்வை மூடிவிட்டார்களா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. யார் யாரோ ஓடினார்கள்.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். ஒரு பெண்ணின் இருமல் மட்டும்.

"வாணி," என்றான் குகன். "நீதானா?"