முந்திக்கொள்பவள்

நீதிமன்றத்தில் அவளுக்குத் தந்தி என்று பெயர். வக்கீல் வாயைத் திறந்து பாதி வாக்கியம் போவதற்குள் தட்டச்சில் மீதியையும் அடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டுக்கும் வந்து தொலைத்ததுதான் வினை. அவள் வீட்டுக்காரர் சர்வேயர். நிலத்தை அளப்பது போலவே பேச்சையும் அளந்துதான் எடுத்துவைப்பார். "இன்னிக்கு சாயங்காலம்..." என்று அவர் இழுத்தால், "லேட்டாகும், அவ்வளவுதானே?" என்று முடித்துவிட்டு இவள் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். மனிதரும் "சரி, தந்தி" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து, வேறு ஊர்களுக்குப் போயும் ஆயிற்று.

பிறகு பக்கவாதம் வந்து அவர் பேச்சைக் கொண்டுபோனது. கை கால் தேறிவிட்டன. சொல் மட்டும் வரமாட்டேன் என்றது. முதலில் திக்கித் திணறி ஏதோ முயன்றார். அவர் படும் பாடு பொறுக்காமல் இவள் எடுத்துக் கொடுத்தாள். தண்ணியா, ஜன்னலா, போர்வையா? கொஞ்ச நாளில் அவர் முயல்வதையே விட்டுவிட்டு விரலால் காட்டத் தொடங்கினார். வீடு ஓய்ந்துபோயிற்று. அந்த இழுவைக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கி, பழைய குரல் பதிவு ஏதாவது இருக்குமா என்று கைப்பேசியைத் துழாவினாள். இருந்தவற்றில் எல்லாம் அவளேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் போய் அழுதேவிட்டாள். அந்தப் பெண் பூசி மெழுகவில்லை. வார்த்தை உள்ளேதான் இருக்கிறது, அதற்குப் போகும் பாதைதான் மூளையில் சிதைந்திருக்கிறது, அவராகத் தேடித் தேடித்தான் புதுப் பாதை விழும் என்றாள். "நீங்க எடுத்துக் குடுக்கும்போதெல்லாம் அவர் மூளை தேடுறத நிறுத்திடுதுக்கா. இப்படியே போனா அப்புறம் தேடவே தேடாது."

காத்திருப்பது தன் ஜாதகத்திலேயே இல்லை என்றாள் இவள். பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினால் கொஞ்ச நேரந்தான் தாங்கும், முடிவில் கிடைக்கப்போவதை மனசுக்குள் தெளிவாகப் பார்த்தால் அவசரம் தானாகத் தணியும் என்று சொல்லி அனுப்பினாள் அந்தப் பெண். வேறு எதைப் பார்ப்பாள்? அவர் தன்னை "தந்தி" என்று கிண்டலாகக் கூப்பிடுவதைத்தான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் விரல் காட்டியபோது கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் அவர் உதடு அசைந்தது.

"உ... உன..."

உனக்கு வேலைக்கு நேரமாச்சா? உனக்கும் காபி வேணுமா? நாக்கு நுனிக்கு என்னென்னவோ ஓடிவந்தன. விரல்கள் மடிமேல் தாமாகவே தட்டச்சு அடித்தன. அவர் நெற்றி வியர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஐயோ, கொடுத்துவிடேன் என்று உயிர் துடித்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, வரப்போகிற குரலையே நினைத்தபடி இருந்தாள்.

"உனக்கு... ப... பயமா... இருக்கா?"

அவள் யோசித்து வைத்திருந்த எதிலும் அது இல்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அவர் கேட்க வாயெடுத்திருப்பார், இவள் விட்டிருக்கமாட்டாள். பதில் சொல்லப் போனாள்.

"ரொம்ப..." என்றாள். அதற்குமேல் ஒரு எழுத்துகூட வரவில்லை.

அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. சொல்லி முடிக்கட்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.