கை துடைத்த துணி

நாலு மணிக்கு அம்மாவின் சவப்பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். துணியைக் காணோம்.

அலமாரியின் மேல் தட்டில் பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. டப்பாவுக்குள் மெல்லிய வெள்ளைக் காகிதம், மடித்த துணியின் வடிவம் கலையாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. மகள் காகிதத்தை உதறினாள். இன்னொரு தரம் உதறினாள், உதறினால் வந்துவிடும் என்பது போல.

தம்பி குருப்பட்டம் பெற்ற நாளில் ஆயர் அவன் உள்ளங்கைகளில் பரிமளத் தைலம் பூசினார். தைலம் வழியாமல் இரு கைகளையும் சேர்த்துக் கட்டியது அந்தத் துணி. பூசை முடிந்ததும் அதை அம்மாவிடம் கொடுத்தார்கள். பெற்றவளுக்கு உரியது அது. அவள் இறந்தால் கையில் வைத்துப் புதைப்பார்கள். மேலே போய் ஆண்டவர் முன் நிற்கும்போது, உமக்கு ஒரு குருவானவரைப் பெற்றுக் கொடுத்தேன் என்று காட்டலாமாம்.

அன்று அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “நான் போறப்ப இதை வைக்க மறந்துடாதேடி. நீ மறதிக்காரி” என்றாள்.

“அவனுக்குத் துணி காட்டுவே. என்னைப் பெத்ததுக்கு என்னத்தைக் காட்டுவே?”

“உன்னை எதுக்குக் காட்டணும்? நீ என்னை விட்டுட்டு இருப்பியா? பின்னாடியே வந்து நிப்பே.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஐந்தாறு வருஷத்தில் தம்பி அங்கியைக் கழற்றிவிட்டான். ஆயரிடம் எழுதிக் கொடுத்து, ரோமிலிருந்து அனுமதி வரும்வரை காத்திருந்து, கணக்கு டீச்சர் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. ஆனால் கோயில் பங்கு ஜனங்களில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்? அதுவரை முன் பெஞ்சில் உட்கார்ந்த அம்மா, தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவனைத் திட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத அம்மாவுக்கும் சேர்த்து மகள் கோபப்பட்டாள்.

அவள் சலவைக் கடையில் கறை பார்க்கும் மேஜையில் வேலை செய்பவள். எந்தக் கறை போகும், எது போகாது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். தம்பியை அவள் போகாத கறையில் சேர்த்தாள். அவன் போன் செய்தபோது, “அம்மாவுக்கு உன் குரலைக் கேக்கவே பிடிக்கலை. இனிமே பண்ணாதே” என்று வைத்துவிட்டாள். அடுத்த அறையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். மறுக்கவில்லை. மறுக்காததையே மகள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். தன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் தம்பியைப் பற்றி இழுத்துப் பேசியபோது, அவர்களையும் அந்தக் கோபத்தோடுதான் அனுப்பி வைத்தாள். பிறகு கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். வீட்டில் அம்மாவும் அவளும் அந்தக் கோபமும் மிச்சம்.

புதன்கிழமை தவறாமல் அம்மா நவநாள் ஜெபத்துக்குப் போவாள். வேலைக்குப் போகிற வழியில் மகள் அவளைக் கோயில் வாசலில் ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிடுவாள். அம்மா திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். ஏன் இவ்வளவு நேரம் என்றால், “சாமியார் பிரசங்கத்தை ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாத மனுஷன். நான் என்ன பண்ண?” என்பாள். மகன் பலிபீடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று மன்றாடத்தான் போகிறாள் என்று மகள் நினைத்தாள். அப்படி அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

துணியை அம்மாவின் கையில் வைப்பதில்லை என்று மகள் எப்போதோ முடிவெடுத்திருந்தாள். அவன் உதறிப்போட்டதை அம்மா ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும்? ஆனால் போன வாரம் அம்மாவுக்கு வாய் கோணிப் பேச்சு நின்றது. பங்குச் சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய். அவர் போனதும் அம்மா பெருவிரலால் உள்ளங்கையைத் தேய்க்கத் தொடங்கினாள். பிசுபிசுப்பாக இருக்கிறதோ என்று மகள் தலைமாட்டில் கிடந்த சின்னத் துவாலையால் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் தேய்த்தாள். அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. துணியைக் கேட்கிறாள்.

“வெச்சிடறேம்மா. சத்தியமா வெச்சிடறேன்.”

பெருவிரல் நின்றதா இல்லையா என்று இப்போது சரியாக நினைவில்லை. நின்றது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. இப்போது டப்பா காலி.

மாதர் சங்கத் தலைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தியதில் கூட இருந்தவள். தேடுவதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள். ஜெபமாலை போதுமே, அந்தத் துணி இப்போது எந்தக் கணக்கில் வரும், ஆறிப்போனதை எதற்குக் கிளற வேண்டும் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் அதிகம் வலித்தது. அம்மாவே எரித்திருப்பாளோ என்று மகளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

படிக்கட்டில் பேச்சு சட்டென்று அடங்கியது. தம்பி வந்திருந்தான். தகவல் சாமியார் கொடுத்திருக்க வேண்டும். அவன் மனைவியும் மூன்று நாலு வயசுப் பெண் குழந்தையும் கீழேயே நின்றுகொண்டார்கள். அவனுக்கு முன்தலை வழுக்கையாகியிருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அம்மாவின் காலடியில் நின்றான். பழக்க தோஷம், வலது கை ஆசீர்வதிக்க மேலே எழுந்தது. பாதியில் நினைவு வந்து கீழே இறங்கியது. மகள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவன் அறைக்குள் வந்தான். கட்டிலில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான்.

“அக்கா, அது என்கிட்ட இருக்கு.”

பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“உன்கிட்ட எப்படி வந்தது?”

“பாப்பா பொறந்தப்ப அம்மா ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்தாங்க. குழந்தையை இதுலதான் சுத்தினாங்க. அப்புறம் புதன்கிழமைல எங்க வீட்டுக்கு வந்து...”

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் வாசலில் இறங்கி, ஸ்கூட்டர் திருப்பத்தில் மறையும்வரை நின்று கையசைப்பாள் அம்மா. பாசம் என்று மகள் நினைத்திருந்தாள். மகள் போய்விட்டாளா என்று அம்மா பார்த்திருக்கிறாள்.

மகள் துணியை வாங்கி, கடையில் செய்வது போல வெளிச்சத்தில் விரித்தாள். நடுவில் தைலத்தின் பழைய மஞ்சள் வளையம். அதையொட்டிப் பழுப்பாகச் சொட்டுச் சொட்டாய் வேறொன்று. இரும்புச்சத்து மருந்து. காய்ந்துவிட்டால் சுலபத்தில் போகாது.

“பாப்பா துப்பிடுவா. நம்ம அம்மா ஊட்டினாத்தான் குடிப்பா” என்றான் அவன்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

அவன் கதவைப் பார்த்தான்.

“சொல்லிடுங்கம்மான்னு நானும் எத்தனையோ தடவை சொன்னேங்கா. ‘அவ எனக்காகத்தான்டா கோவமா இருக்கா. அதையும் நான் பிடுங்கிட்டா வெறுங்கையா நிப்பா’ன்னாங்க.”

கத்தலாம் என்று நினைத்தாள். எதைச் சொல்லிக் கத்துவது? இத்தனை வருஷம் அம்மாவுக்குக் காவல் இருப்பதாக நினைத்திருந்தாள். அம்மாதான் அவளுக்குக் காவல் இருந்திருக்கிறாள், விளையாட்டுச் சாமானைப் பிடித்தபடி தூங்கிவிட்ட பிள்ளையின் கையிலிருந்து அதை எடுக்க மனமில்லாதவள் போல. மகனை மன்னிக்க அம்மாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அது சரி. தன்னிடம் சொல்ல மட்டும் ஏன் பயந்தாள்? நான் அப்படிப்பட்டவளாகவா இருந்தேன் என்று கேட்டால், இல்லை என்று சொல்ல இப்போது ஆளில்லை.

“வேண்டாம்னு உனக்குத் தோணினா வைக்க வேண்டாங்கா. எனக்குக் கேக்க உரிமை இல்லை” என்றான் தம்பி.

அவள் துணியை மடித்தாள். கறை உள்பக்கம் போகும்படி மடித்தாள், கை பழகிய வேலை. கூடத்துக்கு வந்து, அம்மாவின் விறைத்த விரல்களுக்கு நடுவே ஜெபமாலையை ஒதுக்கி, துணியை மணிக்கட்டைச் சுற்றிக் கொண்டுவந்து செருகினாள். அந்தப் பெருவிரல் அசையாமல் இருந்தது. அது அன்று தேய்த்துத் தேய்த்து எதைக் கேட்டது? துணியையா, பேத்தியையா, வெறும் பிசுக்குத்தானா? துணி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியுமே.

தலைவி பக்கத்தில் வந்து பார்த்தாள். “கிடைச்சிடுச்சா? எங்கேம்மா இருந்தது?”

“இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியலை.”

கோயிலில் தம்பி கடைசி பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்தான். முன்னால் வா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. குழந்தை மட்டும் தலையை நீட்டி நீட்டிப் பெட்டியைப் பார்த்தது. கல்லறையில் எல்லாரும் மண் போட்டார்கள். அவளும் போட்டாள். ஒரு பிடி மண் இவ்வளவு சத்தம் போடும் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் அம்மாவின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கப் போட்டாள். வாளியில் நுரை பொங்கியது. விரிப்புக்குள் சுருண்டு கிடந்த சின்னத் துவாலை கையில் வந்தது. விரித்தாள். நடுவில் எண்ணெயின் வளையம், உள்ளங்கை அகலத்துக்கு. புதுக் கறை. வெந்நீரும் சோப்பும் போதும், நன்றாகவே போய்விடும்.

குழாயை மூடினாள். துவாலையைத் தண்ணீரில் போடாமல் உள்ளே எடுத்துப் போனாள். அந்த வெள்ளைக் காகிதம் டப்பாவிலேயே இருந்தது. துவாலை தடிமனானது, பழைய மடிப்புக்குள் அடங்கவில்லை. காகிதம் ஓரத்தில் கிழிந்தது. எப்படியோ சுற்றி உள்ளே வைத்தாள்.

யாரிடமாவது சொல்லி வைக்க வேண்டும், நான் போறப்ப இதை வைக்க மறந்துடாதே என்று. அவள் யோசித்துப் பார்த்தாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. விடிந்தால் புதன்.