நாற்பத்திரண்டாம் அளவு

நான்கு நாட்களாக எக்ஹார்ட் அந்த நீலத் துணிப்பையைக் கீழே வைக்கவில்லை. இசைமேதை பாஹ் பிறந்த ஐசனாக் ஊரில், அருங்காட்சியக வாசலில் எல்லோரும் பைகளைப் பெட்டகத்தில் பூட்டியபோதும் அவர் மட்டும் அதை மார்போடு அணைத்துக்கொண்டே சுற்றினார். பைக்குள் இருந்தது, தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் வாத்தியமான ஆர்கன் வாசிப்பதற்கென்றே தைத்த காலணி. மெல்லிய தோல் அடி, சின்னக் குதிகால். ஆர்கனில் கைக்குச் சமமாகக் காலுக்கும் வேலை உண்டு; கீழே வரிசையாக இருக்கும் கால்கட்டைகளை மிதித்து வாசிக்க வேண்டும்.

எக்ஹார்ட் பல் மருத்துவர். ஓல்டன்பர்க் நகரத்துச் சேர்ந்திசைக் குழுவோடு பாஹ் வாழ்ந்த ஊர்களைப் பார்க்கப் பேருந்தில் வந்திருந்தார். பாஹ் தன் பதினெட்டாம் வயதில் ஆர்கன் வேலைக்குச் சேர்ந்த ஆர்ன்ஸ்டாட் தேவாலயத்தில் பத்து நிமிடம் வாசிக்க, எட்டு மாதம் கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார். வியாழக்கிழமை, இரண்டு மணியிலிருந்து இரண்டு பத்து வரை.

"குழந்தை தூங்குதா டாக்டர்?" என்று பேருந்தில் ஏறும்போதெல்லாம் கேட்பார் ஓர்ட்ருட். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கேட்டதும் சுற்றியிருப்பவர்கள் மடக்கு மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். வழிகாட்டி பேசி முடித்தாலும் அதே தட்டல்தான். கைதட்டுவதைவிட அதில் மதிப்பு அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

எக்ஹார்டும் சும்மா இருந்தவரில்லை. ஐசனாக்கின் கருங்கல் தெருவில் ஓர்ட்ருட் கறுப்புக் குதிகால் செருப்போடு தடுமாறியபோது எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அம்மா, பாஹ் வீட்டுக்கு வந்திருக்கோம். டான்ஸ் ஆட இல்ல."

ஓர்ட்ருட்தான் முதலில் சிரித்தார். ஆனால் கழுத்துவரை சிவந்துபோனார். அவர் கால் நாற்பத்திரண்டாம் அளவு, ஆண்களுக்கு உரிய அளவு. அந்த அளவில் பெண்களுக்குப் பார்க்கும்படியான செருப்பு நடனக் காலணிக் கடையில்தான் கிடைக்கும்.

வியாழக்கிழமை இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆர்ன்ஸ்டாட் தேவாலயத்தில் ஆர்கன் இருக்கும் மாடத்தில், குழு மொத்தமும் உட்கார்ந்து பார்க்க, எக்ஹார்ட் பையைத் திறந்தார். உள்ளே பூப்போட்ட கம்பளிச் செருப்பு இருந்தது. விடுதி அறையில் போட்டுக்கொள்ள அவர் மனைவி ஆன்கே வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்திருந்தார்கள்.

"ஆன்கே! என்ன பண்ணி வச்சிருக்க?"

"நானா? நாலு நாளா அந்தப் பைய என்னைத் தொட விட்டியா நீ? காலைல நீயேதான் எடுத்தே."

விடுதி அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. எக்ஹார்ட் தன் காலைப் பார்த்தார். மலையேறும் தடித்த பூட்ஸ். ஒரு கால்கட்டையை மிதித்தால் மூன்று சேர்ந்து அலறும். வெறும் காலுறையில் குதிகாலால் மிதிக்கும் சுரங்கள் விழாது. தேவாலயச் சாவிக்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எக்ஹார்டின் கண் மெல்ல நகர்ந்து, முன்வரிசையில் ஒன்றின்மேல் ஒன்று போட்டிருந்த ஒரு ஜோடிக் கால்களில் போய் நின்றது. தோல் அடி. சின்னக் குதிகால்.

"அம்மா... உங்க செருப்பு என்ன அளவு?"

எல்லோர் தலையும் ஓர்ட்ருட் பக்கம் திரும்பியது.

"நாப்பத்திரெண்டு," என்றார் ஓர்ட்ருட். "ஏன் டாக்டர், டான்ஸ் ஆடணுமா?"

"ஒரு பத்து நிமிஷம் தந்தீங்கன்னா..."

"தரலாம். ஐசனாக்ல இந்தச் செருப்பைப் பத்தி ஏதோ சொன்னீங்களே, மறந்துபோச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க, கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்."

எக்ஹார்ட் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு பேர்ல புத்தியோட செருப்பு போட்டு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான்."

"ஐசனாக்ல இப்படியா சொன்னீங்க? சரி, இதுவே நல்லாயிருக்கு." குனிந்து வாரைக் கழற்றினார்.

எக்ஹார்ட் வாசித்தார். காலுக்கு ஓயாத வேலை வைக்கும் உருப்படி. நாடாப் பூ வைத்த கறுப்புச் செருப்புகள் கால்கட்டைகளின்மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடின. ஓர்ட்ருட் குளிர்ந்த தரையில் படாமல் கால்களைத் தூக்கி, ஆன்கேயின் பூப்போட்ட செருப்பின்மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவுக்குச் சற்று முன் இடது கால் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. எக்ஹார்டின் காது சிவந்தது. இரண்டு ஒன்பதுக்கு முடித்தார்.

தேவாலயத்தில் அவர்கள் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் தட்டுவதுமில்லை. வரிசையாக எழுந்து படியிறங்கினார்கள். நன்றாக இருந்ததா இல்லையா? எக்ஹார்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கடைசியாக இறங்கினார்.

நாலு மணிக்குக் காபிக் கடையில் எல்லோரும் பிளம்ஸ் கேக்குக்குக் காத்திருந்தார்கள். பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான். பொறுக்கமுடியாமல் எக்ஹார்டே வாயைத் திறந்தார்.

"கடைசியில ஒரு தப்பு வந்துச்சு."

"அது உங்க காலு பண்ணின தப்பு. என் செருப்பு அப்படிப் பண்ணாது," என்றார் ஓர்ட்ருட்.

பிறகு குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினார். அதன் குதிகாலால் மேசையை ஓங்கித் தட்டினார், ஒருமுறை, இன்னொருமுறை. அவ்வளவுதான். இருபத்தாறு பேரின் விரல் முட்டிகளும் மேசைகளின்மேல் இறங்கின. கரண்டிகள் குதித்தன. எக்ஹார்ட் கைக்குட்டையைத் தேடி, பழக்கதோஷத்தில் நீலப் பைக்குள் கையை விட்டார்.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பரிமாறும் பெண் ஓடிவந்தாள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்! கேக் எங்கயும் ஓடிப்போகாது, அதுக்கு ஏன் மேசைய ஒடைக்கிறீங்க?"