பொது மாடி

எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் மரியாதை. கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் மலை உச்சியில் சுடர் தெரிகிற மாடி யாரிடம் இருக்கிறதோ அவன் அன்றைக்கு ராஜா. கல்யாணத்துக்கு வராத உறவெல்லாம் படியேறி வந்து நலம் விசாரிக்கும். மறுநாளே அந்த மாடி மறுபடியும் துணி காயப்போடுகிற இடமாகிவிடும்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே மனையை வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்ட வீடு அது. கீழ்வீடு, எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த சக்கரபாணிக்கு. நடுவீடு பள்ளிக்கூட வாத்தியார் பலராமனுக்கு. மேல்வீடு பஸ் டிரைவர் ஆதிமூலத்துக்கும் அவர் மனைவி சரோஜாவுக்கும். கட்டும்போது மொட்டை மாடி யாருக்கு என்று பேச்சு வந்தது. சக்கரபாணிதான் முந்திக்கொண்டு, மாடி மூன்று பேருக்கும் பொது என்றார். தீபம் பார்க்க எல்லாருக்கும் வேண்டுமே என்பது அவர் கவலை. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பொது என்பது எத்தனை வசதியான சொல் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் மேல்வீட்டுக் கூடம் ஒழுகியது. ஒழுகுவதற்கு அது தேர்ந்தெடுத்த இடம் இருக்கிறதே, அதைச் சொன்னால் வயிறு எரியும். தூளி கட்டுவதற்கென்று தளத்தில் பதித்திருந்த இரும்புக் கொக்கி. தண்ணீர் அதன் வழியாக இறங்கி நுனியில் சேர்ந்து சொட்டியது. சரோஜாவின் மகள் வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்து அப்போதுதான் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள். தூளி கட்ட வழியில்லை. கூடத்தை விட்டால் இருப்பது புகை மண்டும் சமையலறைதான். பாயோடு குழந்தையை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்தார்கள். போகிற மூலையிலெல்லாம் புதிதாக ஒரு இடம் ஒழுகியது. ஈரத்தில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. இன்னொரு தடவை நனைந்தால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாடித் தரையில் பதித்திருந்த தட்டு ஓடு விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குக் காரணமும் அங்கேயே கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. போன வருஷம் தீபத்தன்று சரோஜாவின் அண்ணன் இருசப்பன் கீழ்பென்னாத்தூரிலிருந்து அரிசியும் பருப்புமாக வந்து, மாடியிலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய தவலையில் பொங்கல் வைத்தார். தீபம் பார்த்து விரதம் விட்ட அத்தனை பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். அந்தச் சூட்டில் ஓட்டின் இடுக்கில் இருந்த சுண்ணாம்பு வெந்து பொரிந்துபோயிருந்தது.

இது போதாதா? மாடியை மூன்று பேரும் சேர்ந்து பழுது பார்க்கலாம் என்று சரோஜா கேட்கப்போனபோது, அடுப்பு மூட்டியது உன் அண்ணன் என்றார் சக்கரபாணி. பொங்கல் நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவர்தான். பலராமன் வாத்தியார் இன்னும் ஒரு படி மேலே போனார். தளத்துத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கித் தன் வீட்டு வெள்ளையைக் கெடுத்துவிட்டது, அதையும் சரோஜாதான் அடித்துத் தரவேண்டும் என்றார். ஆதிமூலம் வண்டியோடு பெங்களூர் போவதும் வருவதுமாக இருந்ததால், எல்லாவற்றுக்கும் அவளே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"மாடி பொதுன்னு நீங்கதானே சொன்னீங்கண்ணா?" என்று சக்கரபாணியிடம் கேட்டாள்.

"நிக்கிறதுக்குப் பொதும்மா. ஒழுகறது உன் வீட்லதானே? நாலு சொட்டு வுழுது, அதுக்குப் போயி இவ்ளோ பேச்சா?"

மழை பெய்ததா என்று மண்டிக்குப் போய் விசாரித்துத் தெரிந்துகொள்கிற கீழ்வீட்டில் இருந்துகொண்டு இப்படிப் பேசுவது சுலபம்தான். அவர் மனைவி காசியம்மாள் அந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கென்று பூண்டுக் குழம்பு வைத்துத் தினமும் தன் கையாலேயே மேலே கொண்டுவந்து கொடுத்தாள். சண்டை புருஷனுடையது, குழம்பு தன்னுடையது என்பது அவள் கணக்கு.

தளத்துக்கு மேல் யார் நடந்தாலும் கொக்கி ஜாஸ்தியாகச் சொட்டும். இத்தனை வருஷத்தில் காலடியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் சரோஜா. வாத்தியார் தேய்த்துத் தேய்த்து நடப்பார். சக்கரபாணி நடந்தால் மல்லாட்டை மூட்டையை இறக்கிப் போடுகிற மாதிரி தொம் தொம்மென்று கேட்கும். இந்த வருஷமும் தீபத்துக்கு மூன்று வீட்டு உறவும் ஏறி நின்றால் கூடம் குளமாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. தீபத்தன்று காலையில் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். திருவண்ணாமலையில் தீபத்தன்று மாடியைப் பூட்டியவள் அவளுக்கு முன்னால் யாராவது உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் படி நிறைய ஜனம். தூறல் வேறு. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாதவர்கள். மலையில் சுடரைப் பார்த்த பிறகுதான் வாசலில் விளக்கு வைக்க வேண்டும், அதன் பிறகுதான் சாப்பாடு. பூட்டைப் பார்த்ததும் கீழேயிருந்து மேல்வரை முணுமுணுப்பு ஏறியது. வாத்தியார் நியாயம் பேசினார். சக்கரபாணி, மண்டிக்குக் கொண்டுபோகிற பெரிய கறுப்புக் குடையைத் தரையில் தட்டித் தட்டி, பிறந்ததிலிருந்து தீபம் ஏற்றுகிற நேரத்தைத் தவறவிட்டதில்லை என்றார். சரோஜா வாசற்படியில் நின்றுகொண்டு, பழுது பார்க்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அப்போதுதான் அவள் காசியம்மாளைப் பார்த்தாள். பசி மயக்கத்தில் சுவரில் தலையைச் சாய்த்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள் காசியம்மாள். திற என்று சொல்லவில்லை. சரோஜாவின் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் சரோஜாவுக்குத் தாங்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"போயி பாருக்கா. சாமிய மறிக்க நான் யாரு?"

கதவு திறந்ததும் ஜனம் திமுதிமுவென்று ஏறியது. முழங்கால் வலிக்காரரான சக்கரபாணி கடைசியில் நின்றார். சரோஜா பாத்திரம் எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள். தளத்துக்கு மேல் அத்தனை காலும் ஒன்றாக இறங்கின. திறந்திருந்த வாசல் வழியாகச் சக்கரபாணி தற்செயலாக உள்ளே பார்த்தார்.

கொக்கியிலிருந்து சொட்டு இல்லை, கம்பியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மூலைகளில் சுண்ணாம்புக் கரைசலாக விழுந்தது. குண்டானும் தவலையும் அன்னக்கூடையும் நிரம்பி வழிந்தன. வள்ளி தரையில் முட்டிபோட்டு, இரண்டு கையையும் ஊன்றி, குழந்தைக்கு மேல் குனிந்திருந்தாள். தண்ணீர் அவள் முதுகில் விழுந்து இரண்டு பக்கமும் ஓடியது. பிள்ளை பெற்ற உடம்பு நடுங்கியது. சொந்த வீட்டுக்கு மேலே நடக்கிற இதை நாலு சொட்டு என்று சொன்னோமே என்று அவரை வெட்கம் பிடுங்கியது.

சரோஜா அண்டாவோடு வந்தபோது, அவர் கூடத்தின் நடுவில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குடைக்குக் கீழே வள்ளியும் குழந்தையும் இருந்தார்கள். குழந்தையின் துணி நனையவில்லை. அவர் வேட்டி முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர்.

"நீ போயி பாத்துட்டு வாம்மா. நான் புடிச்சிக்கிறேன்."

"நேரம் ஆயிடுச்சிண்ணா, ஏத்திடுவாங்க. நீங்க தவறவுட்டதே இல்லன்னு..."

"போம்மா."

அவள் போனாள். அவள் கடைசிப் படியில் கால் வைக்கவும் மேகம் விலகவும் சரியாக இருந்தது. உச்சியில் சுடர் எழுந்தது. ஊரே ஒரே குரலாக அரோகரா என்றது. கீழே கூடத்தில் சக்கரபாணிக்குக் கை கூப்ப முடியவில்லை. ஒரு கையில் குடை. இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒழுகுகிற தளத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதலில் இறங்கி வந்தவர் வாத்தியார். வாசலில் நின்று பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தன் சுவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காசியம்மாள் பொரி உருண்டையோடு வந்து, பார்த்தாயிற்றா, சாப்பிடலாமா என்று புருஷனிடம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

"மழ நின்னதும் ஓட்டப் பிரிச்சிடலாம் சார்," என்றார் வாத்தியாரைப் பார்த்து. "மூணு பங்கு. மாடி பொதுன்னா இதுவும் பொதுதான்."

"சரிங்க. கொடைய இப்படிக் குடுங்க. நீங்க போயி பாத்துட்டு வாங்க."

குடை கை மாறியது. சக்கரபாணி படியேறிப் போனார். சரோஜா வள்ளியின் முதுகைத் துடைத்தபடியே, பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தத் தொம் தொம் வரும், கொக்கி மறுபடியும் பொத்துக்கொள்ளும் என்று அண்டாவை நகர்த்திவைத்தாள்.

சத்தமே வரவில்லை. முழங்கால் வலிக்காரர், இருட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே நடந்திருக்கிறார். அவர் தீபம் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை அவள் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கியில் ஒரு சொட்டுகூட ஜாஸ்தியாக விழவில்லை.