ஆறாவது துளை

புருஷனுக்குக் குடிப்பழக்கம் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். சீட்டாட்டம் என்றால் மாமியாரிடம் பற்ற வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் காகித அட்டையைச் சுட்டுவிட்டு வருகிறான் என்றால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? கேட்டவர்கள் சிரிப்பார்கள். "நல்லதுதானே, உங்க வீட்டுப் பக்கம் திருடனே வரமாட்டான்" என்பார்கள். வந்தால்தான் எதை எடுப்பான்? இருந்ததெல்லாம் தோட்டாவாகப் போயாயிற்று.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துபவள். இரண்டு சம்பளத்தில் இரண்டு பேர் ராஜா மாதிரி இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தது. படுக்கையறை மூலையில், சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள் ரைஃபிள். யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல அதற்கு வருடம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிளப் சந்தா கட்டி முடித்தால் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்து நிற்கும். அது முடிந்தால் போட்டிக் கட்டணம், போக வர பஸ், தங்க ரூம். போன வருடம் குழல் தேய்ந்துவிட்டது என்று புதுக் குழல். அதற்கு முந்தின வருடம் தோல் ஜாக்கெட். "பழசுக்கு என்ன?" என்று கேட்டாள். "தோள்பட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றான். அவளுடைய குளிர் ஸ்வெட்டர் தொளதொளத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது தோட்டாதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டப்பா. ஆனாலும் ஒரு தடவை தயாரித்த சரக்கு ஒரு ரைஃபிளுக்கு ஒத்துவரும், அடுத்த தடவை தயாரித்தது ஒத்துவராதாம். அதனால் நாலைந்து பேட்ச்சை வாங்கிச் சுட்டுப் பார்த்து, எதில் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுகின்றனவோ அந்தப் பேட்ச்சிலேயே வருடம் முழுவதற்கும் வாங்கி அடுக்கிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம் என்ற பேச்சே கிடையாது. போன வருடம் அவள் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட எடுத்து வைத்திருந்த பணம் அப்படித்தான் போயிற்று. "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்றான். அவள் இடது பக்கமாக மென்று பழகிக்கொண்டாள்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், சம்பளத்தை அவள் கையில்தான் கொடுப்பான். பிறகு அந்தக் கையிடமே வந்து மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைக் குறி பார்ப்பான். உள்ளே சுட்டுப்போட்ட வெறும் தோட்டாக் கூடு மட்டும் இருக்கும். 'டிக்' என்று விசை விழும். உடனே அவன், நட்ட நடுவுக்குப் பத்து, விலக விலகக் குறைவு என்ற கணக்கில், வாய்விட்டுச் சொல்வான்: "பத்து." இன்னொரு டிக். "ஒன்பது, வலது." குண்டே இல்லாமல் எப்படித் தெரியும் என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். விசை விழும் நொடியில் கண் எங்கே இருந்தது என்று சுட்டவனுக்குத் தெரியும், தொலைநோக்கியில் பார்க்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அதுதான் பழக்கத்திலேயே பெரிய பழக்கம் என்றான். "இதுல மட்டும் நம்மள நாமே ஏமாத்திக்கக் கூடாது. ஏமாத்தினா அன்னியோட அவ்வளவுதான்." அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே அந்த டிக்கையும் எண்ணையும் கேட்டுக் கேட்டு, அது இல்லாவிட்டால் வீடு வீடாகவே இருக்காது என்ற நிலைக்கு வந்திருந்தாள். அதைச் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று சொன்னதில்லை.

இந்த வருடம் புதுப் பேட்ச்சுக்குப் பணம் கேட்டு வந்தபோது அவள் வெடித்துவிட்டாள். என் நாலு மாசச் சம்பளம் வருஷா வருஷம் புகையாப் போகுது, எனக்கு ஒரு பல்லு போட வக்கில்லை என்று தொடங்கி, அவன் அம்மா வரை போய்விட்டுத்தான் நிறுத்தினாள். கல்லுளிமங்கன் மாதிரி நின்றவன் கடைசியில் சொன்னான்.

"கிளப் செலக்‌ஷன் வருது. முதல் நாலு பேருக்கு வருஷம் முழுக்க எல்லாச் செலவும் கிளப்போடது. நாலுல வந்துட்டா உன்கிட்ட ஒத்த பைசா கேக்கமாட்டேன்."

"வரலைன்னா?"

"ரைஃபிளை வித்துடறேன்."

"யார் மேல சத்தியம்?"

"சத்தியம் எல்லாம் வேணாம். சொன்னா சொன்னதுதான்."

அந்தச் செலக்‌ஷனுக்குத்தான் அவள் முதல் தடவையாகக் கூடப் போனாள். அவன் ஜெயிப்பதைப் பார்க்கப் போகிறாள் என்று அவன் பூரித்துப் போனான். அவன் தோற்பதைப் பார்க்கத்தான் அவள் போனாள். இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. விற்ற பணத்தில் பல், மிச்சத்தில் ஒரு ஸ்வெட்டர், எங்காவது நாலு நாள் பயணம் என்று மனத்துக்குள் வாங்கிக் குவித்துக்கொண்டேதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

ரேஞ்ச் என்பது நீளமான தகரக் கொட்டகை. சுடுகிறவர்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவனுக்குப் பக்கத்துப் பாயில் பேக்கரிக்காரர். அவனுக்கு ரொம்ப நாள் சிநேகிதர்; அவளைத் தங்கச்சி என்றும் அந்தக் கணக்கில் அவனை மாப்ளே என்றும் கூப்பிடுபவர். கடைசிப் பாயில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். ரைஃபிள் கிளப்புடையது, ஜாக்கெட் யாரிடமோ இரவல் வாங்கியது. கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே தெரிந்தது. போட்டிக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அந்தப் பெண் தானாக வந்து இவளிடம் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்பவும் நல்லாச் சுடுவார்க்கா. எனக்கு இன்னிக்கு வந்தா வந்தது. இல்லைன்னா இந்த வருஷத்தோட சரி. எங்க வீட்ல இதுக்கு மேல கொடுக்கமாட்டாங்க."

பார்வையாளர்களுக்கான தொலைநோக்கியில் அவள் கண்ணை வைத்தாள். தொழிலே லென்ஸ். மற்றவர்களுக்கு மங்கலாகத் தெரிந்த அட்டை அவள் இரண்டு திருகு திருகியதும் துல்லியமாகக் கண்ணுக்குள் வந்து நின்றது. ஓர் அட்டைக்கு ஐந்து தோட்டா. அட்டை அட்டையாக மாறிக்கொண்டே வந்து, கடைசி அட்டைக்கு வந்தபோது அவனும் மருந்துக்கடைப் பெண்ணும் நாலாவது இடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அட்டையில் அவன் நாலு தோட்டா சுட்டான். நாலு துளை. ஐந்தாவதைப் போடுவதற்காகத் தோட்டா வாயை மூடும் போல்ட்டைத் திறந்து கையில் தோட்டாவை எடுத்தான். அப்போது அவன் அட்டையில், நட்ட நடுவில், பத்தில், ஒரு துளை தானாக விழுந்தது.

அவள் தொலைநோக்கியிலிருந்து தலையை எடுத்து அவனைப் பார்த்தாள். போல்ட் திறந்தே இருந்தது. தோட்டா அவன் விரலில் இருந்தது. பக்கத்தில் பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டுத் தோளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பாவி மனுஷன் அட்டை மாறிச் சுட்டுவிட்டார். படுத்துச் சுடுகிறவர்களுக்குக் களைப்பில் இது நடப்பதுண்டு என்று அவன் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். வேறு ஆளின் குண்டு உன் அட்டையில் விழுந்தால் அந்த நிமிடமே கையைத் தூக்க வேண்டும் என்றும் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

அவன் தன் சின்னத் தொலைநோக்கியில் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. தோட்டாவைப் போட்டு, போல்ட்டை மூடிச் சுட்டான்.

அவள் அட்டையைப் பார்க்கும் முன்பே அவன் காலைப் பார்த்தாள். தப்பாகப் போனால் இடது கால் கட்டைவிரல் தரையைக் கீறும். வராந்தாவில் பாய் கிழிந்ததே அதனால்தான். கீறியது. அட்டையில் இடது பக்கம் எட்டில் புதுத் துளை.

ஆறு துளை விழுந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கிளப் செயலாளர் வந்தார். பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "என்னோடது ஒண்ணு கம்மி சார். நான்தான் மாத்திச் சுட்டிருக்கேன்" என்றார். அவருக்கு அந்தத் தோட்டாவுக்குப் பூஜ்யம். இப்போது எது அவருடையது என்பதுதான் கேள்வி.

"உங்களோடது எதுன்னு தெரியுமா?" என்று செயலாளர் அவனிடம் கேட்டார். "தெரியலைன்னா விதிப்படி ரெண்டுல அதிகப் புள்ளி இருக்கிறதை உங்களுக்குத்தான் போடணும்."

அவன் அட்டையைப் பார்த்தான். செயலாளரைப் பார்த்தான். பின்னால் நின்ற அவளைப் பார்க்கவில்லை.

"தெரியலை சார்."

எட்டு போட்டிருந்தால் அவன் மருந்துக்கடைப் பெண்ணுக்கு ஒரு புள்ளி கீழே. பத்து போட்டதால் ஒரு புள்ளி மேலே, நாலாவது இடம். அந்தப் பெண் வந்து அவனுக்குக் கை கொடுத்தாள். இரவல் ஜாக்கெட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து, தடவி, யாருடையதோ அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் பார்த்து நின்ற பெண்டாட்டி வாயைத் திறந்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கட்டிய புருஷனை ஊர் பார்க்கப் பொய்யன் என்று சொல்ல வேண்டுமே என்று விழுங்கினாள்.

பேக்கரி வேனில்தான் வீட்டுக்கு வந்தார்கள். "என் தப்பு மாப்ளைக்கு யோகமாப் போச்சு. தங்கச்சி, அந்தப் பத்துக்கு எனக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடு" என்று பேக்கரிக்காரர் வழியெல்லாம் சிரித்தார். அவனும் சிரித்தான். சிரிப்பு பல்லோடு நின்றது.

மறுநாளே பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு வந்து சொன்னான். அவள் தலையாட்டினாள். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. செலவும் இல்லை, சண்டையும் இல்லை, பல்லும் வரப்போகிறது. ஆனால் சோற்றில் கை வைத்தால் அந்தப் பெண்ணின் வெளியே நீட்டிய மணிக்கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. பெண்டாட்டி பார்க்கவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது ஒரு பக்கம் எரிந்தது. பார்த்தும் சும்மா இருந்தது இன்னொரு பக்கம்.

அந்த வாரம் முழுக்க அவன் பாயை விரிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் விரித்தான். அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டிக்.

அவள் காத்திருந்தாள். எண் வரவில்லை.

டிக். அதற்கும் இல்லை. இன்னொரு டிக். வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பாய் விரித்த ஒரு சாயங்காலம்கூட அவன் எண் சொல்லாமல் இருந்ததில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க போச்சு?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

டிக்.

"உங்களைத்தான் கேக்கறேன். எங்க போச்சு?"

அவள் வாசற்படிக்கு வந்தபோது அவன் கன்னத்தை ரைஃபிள் கட்டையில் வைத்தபடியே கிடந்தான். கண் மூடியிருந்தது.

"எட்டு" என்றான். "இடது பக்கம். எட்டுடி."

இது இப்போது விழுந்த டிக்குக்கான எண் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"பார்த்தேன்" என்றாள் அவள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

பிறகு அவள் உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு, அவன் போனை எடுத்து வந்து நீட்டினாள். அவன் அதை வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொன்னா இது போயிடும். தெரியும்ல?" என்று ரைஃபிளைத் தடவினான். "நாலுல வரலைன்னா வித்துடறேன்னு சொல்லியிருக்கேன். கிளப்பும் என்னைச் சும்மா விடாது."

"தெரியும்."

தெரியும் என்று சொன்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தச் சனியன் வீட்டை விட்டு ஒழிந்தால் போதும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பாள். ஒழியப் போகிறது என்றதும் இனி சாயங்காலங்களில் என்ன சத்தம் கேட்கும் என்றுதான் நினைக்கத் தோன்றியது. இருந்தாலும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

அவன் போனை வாங்கி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுப் பாயின் மேல் வைத்தான். தனியாகப் பேசத் தெம்பு இல்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் செயலாளர் எடுத்தார். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"சார், கடைசி அட்டையில அந்த எட்டு என்னோடது. பத்து என்னோடது இல்லை."

பிறகு செயலாளரின் குரல் மெதுவாக வந்தது.

"அன்னிக்குக் கேட்டப்போ தெரியலைன்னு சொன்னீங்களே. இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன் பக்கமாகக் குனிந்தாள்.

"அன்னிக்கே தெரியும் சார்" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."